சனிக்கிழமை 31 புள்ளி, ஞாயிறு காலை ஆளைக் காணோம்: ஜெர்மனியில் கூடைப்பந்து ஆடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் கிளப்புக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவர், ஒரு சனிக்கிழமை ராத்திரி தனியாளாக 31 புள்ளி எடுத்து ஜெயித்துக் கொடுத்தார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம். அவர்தான் கோச். ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. என் மகளோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் ஜெர்சி போட்டுக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தச்சு வேலை பார்க்கும் ஒரு அப்பா பெஞ்சில் போய் உட்கார்ந்து கோச் ஆனார். அந்த 31 புள்ளி இன்று ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருவரும் மறக்கவில்லை. ஏப்ரலில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

நான் ஆட்டக்காரன் இல்லை. மேற்கு ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா பக்கம் ஒரு சிறிய ஊரில் எனக்கு வேலை. மகள் கிளப்பில் சேர்ந்த மாதமே, பெற்றோர் யாராவது உட்கார வேண்டும் என்று என்னை ஸ்கோர் மேசைக்கு இழுத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் கூடைப்பந்து லீக்குகளின் உச்சியில் புண்டஸ்லீகா. அதன் கீழே ப்ரோ ஏ, ப்ரோ பி. நான்காவது அடுக்கில்தான் ரெகியோனால்லிகா வருகிறது. நாட்டை நான்கு பகுதியாகப் பிரித்து நடத்துகிறார்கள். அரைத் தொழில்முறை ஆட்டம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த மட்டத்தைத்தான். அணியில் ஒருவர் வங்கியில் வேலை செய்வார், ஒருவர் ஆசிரியர், இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு ஓர் அறை, சில சமயம் கிளப்பின் பழைய கார், கையில் சில நூறு யூரோ. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆடுவதற்கு, இன்னொரு பங்கு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு. வருகிறவர்கள் முதல் பங்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாத் தவறும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அமெரிக்கர் செய்ததை நாமும் செய்யலாம் என்று நினைப்பது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அமெரிக்க ஆட்டக்காரர் விசா இல்லாமல் விமானம் ஏறி வந்து, இங்கே இறங்கிய பிறகு வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நீண்டகால விசாவை ஊரிலேயே வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். “சுற்றுலா விசாவில் வா, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொழில்முறை விளையாட்டு வீரர் என்ற வகையில் விசா கேட்டால், ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்கும் வருமான உச்சவரம்பில் பாதியாவது சம்பளமாக இருக்க வேண்டும். 2025 கணக்கில் அது மாதம் 4,025 யூரோ. நான்காம் அடுக்கில் சில நூறு யூரோ கொடுக்கும் கிளப் எங்கே, அந்தத் தொகை எங்கே! அதனால் இந்த மட்டத்தில் ஆட நினைப்பவர் வேறு வழியாகத்தான் வர வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிப் படிக்க வரலாம். 27 வயதுக்குள் இருந்தால், விளையாட்டுத் துறையில் ஓராண்டு தன்னார்வச் சேவைக்கு வரலாம். படிக்க வருபவர் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு அது) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் விதித்தார்கள். ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். ஆடி வாங்கும் பணம் அந்தக் கணக்கில் எப்படிச் சேரும் என்பதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளப் செயலாளரின் வாய்வார்த்தை போதாது. அவரும் பகலில் வேறெங்கோ வேலை பார்க்கிறவர்தான்.

ஊரில் பதிவு பெற்ற ஆட்டக்காரராக இருந்தால், உங்கள் நாட்டுக் கூட்டமைப்பு தரும் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் இங்கே களத்தில் இறங்க முடியாது. பழைய அணியோடு பாக்கி, தகராறு ஏதாவது இருந்தால் விமானம் ஏறும் முன்பே தீர்த்துவிடுங்கள். வந்து இறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. கிளப்தான் அறை தருகிறது என்றால் முதல் நாளே அதைக் கேட்டு வாங்குங்கள்.

காரைப் பற்றி ஒன்று. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஆகஸ்டில் வந்தவருக்கு பிப்ரவரியில் முடிந்துவிடும். சீசனோ ஏப்ரல் வரை போகும். ஒருவர் மார்ச் மாதம் முழுக்க சைக்கிளில் பயிற்சிக்கு வந்தார். மழையில்.

காயம் பட்டால் யார் செலவு என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். மாதம் 556 யூரோவுக்கு உட்பட்ட சின்ன வேலை ஒப்பந்தம் என்றால் (2025 வரம்பு அது), அந்த வேலை உங்களுக்கு மருத்துவக் காப்பீடு தராது. அதைத் தனியாக எடுக்க வேண்டும். காசு வாங்கி ஆடுபவர்களுக்கு ஃபாவ்பேகே என்ற விபத்துக் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. “என்னை அங்கே பதிவு செய்திருக்கிறீர்களா?” என்று நேராகவே கேட்கலாம். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விசிலோடு சண்டை போடுவது

இது பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிவிட்டு வருகிறவர்களின் தொல்லை. இந்தியாவில் ஆடியவர்களுக்கு ஃபீபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி பழக்கம்தான். ஆனால் மொபைலில் அமெரிக்க என்பிஏ லீக் பார்த்தே வளர்ந்த கால்கள் எங்கிருந்து வந்தாலும் மாட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பந்து கையை விட்ட பிறகுதான் ஊன்றிய கால் எழ வேண்டும். இங்குள்ள நடுவர்கள் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். முதல் மூன்று நான்கு ஆட்டத்தில் ஒவ்வொரு முறை இந்தக் கால் தப்புக்கு டிராவலிங் விசில் வரும்போதும் கையை விரித்துக் கூரையைப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும், அவர் விசிலை மாற்றப் போவதில்லை. காலைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் டைம் அவுட். ஆட்டக்காரர் களத்திலிருந்து கையால் காட்டி டைம் அவுட் கேட்க முடியாது. கோச் எங்கள் மேசைக்கு வந்து கேட்க வேண்டும். நேரம் முடியப் போகிற நெருக்கடியில் இரண்டு பேருக்கு நடுவே சிக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியவர்கள் உண்டு. நான் என்ன செய்ய, என் கையில் பேனாதான் இருக்கிறது.

விதியில் லாபமும் இருக்கிறது. பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது அதன் மேலேயே உருண்டுகொண்டிருந்தாலும் தட்டிவிடலாம். உயரமானவர்கள் இதை மறந்துவிட்டு அண்ணாந்து வேடிக்கை பார்ப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பகலைச் சும்மா விடுவது

இதைப் பற்றி முன்கூட்டி யாரும் எச்சரிப்பதில்லை. என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். மற்றவர்களுக்கு வேலை இருப்பதால் பயிற்சி ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஆரம்பம். அதுவரை வெளிநாட்டுக்காரருக்கு எதுவும் இல்லை. ஊரில் இருப்பவர்களோடு பேசி ராத்திரி மூன்று மணிக்குத் தூங்கி மதியம் எழுந்தால், டிசம்பரில் அவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு மணி நேர வெளிச்சம். நாலரைக்குள் இருட்டிவிடும். அது ஆளை மெல்லத் தின்னும். ஜனவரியில் அவர் எறியும் பந்தில்கூட அது தெரியும்.

தப்பித்தவர்கள் எல்லாருக்கும் காலையில் போக ஓர் இடம் இருந்தது. ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடத்தில் மொழி வகுப்பு, பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கு உதவி, ஏதோ ஒன்று. அணியில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள், அதனால் மொழி வேண்டாம் என்று தோன்றும். எட்டு வயதுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள். ஒருவர் முதல் வாரத்தில் இரண்டே சொல்லோடு பயிற்சி கொடுத்தார்: “நொஹ் மால்”, அதாவது இன்னொரு தடவை, “லிங்க்ஸ்”, அதாவது இடது பக்கம். பிள்ளைகள் அவர் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தியே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். ஈஸ்டருக்குள் அவர் பெற்றோரோடு ஜெர்மனில் வானிலை பேசினார். இங்கே வானிலை பேசத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

“அது என் வேலை இல்லை”

கிளப் என்பது இங்கே பதிவு செய்த சங்கம். முதலாளி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் நாற்காலி மடிப்பவர் சங்கத் தலைவராகக்கூட இருப்பார். கேக் விற்கும் அம்மா, டிக்கெட் கிழிக்கும் தாத்தா, எல்லாரும் சும்மா வந்து செய்கிறவர்கள். ஆட்டம் முடிந்து நேரே குளிக்கப் போய், ஹெட்போனோடு வெளியே வந்து காரில் ஏறுபவரை அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். பத்து நிமிஷம் நின்று ஒரு துண்டு கேக் வாங்கிச் சாப்பிட்டால் போதும்.

அணிக்குள் ‘கிஸ்டே’ என்று ஒரு வழக்கம். தாமதமாக வந்தால், ஜெர்சியை மறந்தால், பிறந்தநாள் வந்தால் ஒரு பெட்டி பீர் கொண்டுவர வேண்டும். குடிக்காதவர்கள் இதைக் கண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பாட்டில் பெட்டி கொண்டுவந்தாலும் அதே மரியாதைதான். யாரும் உங்கள் கிளாஸை எட்டிப் பார்க்க மாட்டார்கள். காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இருபது பீர் பாட்டிலோடு திருப்பிக் கொடுத்தால் 3.10 யூரோ முன்பணம் கிடைக்கும். அணியில் யாராவது அதை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுக்கவும், மற்ற நாள் ராத்திரி பத்து மணிக்கு மேலும் வீட்டுக்குள் பந்தைத் தட்டாதீர்கள். இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடித்த கதை எங்கள் கிளப்பில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஹாலுக்குள் தெரு ஷூவோடு கால் வைப்பதும் அதே ரகம். அங்கே ஹவுஸ்மைஸ்டர் என்ற கட்டடப் பராமரிப்பாளர்தான் ராஜா. அவர் மனசு வைத்தால் பகலிலும் தனியாகப் பயிற்சி செய்யக் கதவு திறக்கும்.

கடைசியாக, கிளம்பும் வேளை. சீசன் முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறார்கள். முகவரிப் பதிவை ரத்து செய்வதில்லை, போன் ஒப்பந்தத்தை முடிப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. டிவி இல்லை என்றாலும் உண்டு. ஆள் போய்விட்டதை நீங்கள் சொல்லாதவரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 31 புள்ளிக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பெயருக்கு வரும் நினைவூட்டல் கடிதங்கள் இன்னும் கிளப் அறையின் தபால் பெட்டியில் விழுகின்றன. இப்போது அங்கே தங்கியிருக்கும் பையன் அவற்றைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருக்கிறான்.