சில்வர் பீச்சுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

லீவு விட்டதும் தெருவே சேர்ந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கிளம்புவது கடலூரில் வழக்கம்தான். போங்க, ஆனால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால், அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும், பிள்ளைகள் விளையாட வசதி என்று நாம் நினைப்பதும் அதே இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் இழுப்பை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள். காப்பாற்ற யாரும் பின்னாலேயே குதிக்க வேண்டாம். காலி தண்ணீர் கேனை மூடியை இறுக்கி வீசுங்கள், பிடித்து மிதக்கலாம். அப்புறம், கூட்டமாகப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று கடைசியில் யாருமே பார்ப்பதில்லை, அதனால் அரை மணிக்கு ஒருவர் முறை வைத்து, போனைப் பையில் போட்டுவிட்டுக் கரையில் நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள்.