சட்டமன்ற மசோதாவின் மின்நகலை எடுத்துப் படிப்பது எப்படி?

மசோதா அறிமுகமானதும் அதன் முழு வாசகத்தையும் படித்துவிடுங்கள். அறிமுகமான சில நாட்களிலேயே நிறைவேறிவிடும் மசோதாக்கள் நிறைய. செய்தித்தாளுக்குக் காத்திருந்தால் நாம் எதிர்ப்புச் சொல்ல அவகாசமே இருக்காது.

1. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் இணையதளத்தில் தேடுங்கள். மசோதாவுக்கு அரசு வழங்கும் தமிழ்ப் பெயரான ‘சட்டமுன்வடிவு’ என்று போட்டுத் தேடினால்தான் சரியாகச் சிக்கும். அங்கே இல்லையா? அரசிதழின் சிறப்பு வெளியீடு, பகுதி 4, பிரிவு 1 பாருங்கள். இமாசலப் பிரதேசப் பேரவை 2014-லேயே, உறுப்பினர்கள் ஆவணங்களைத் திரையில் பார்க்கும் காகிதமில்லாப் பேரவை ஆனது. உறுப்பினரின் திரைக்குப் போகும் நகல் அதே நேரத்தில் பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

2. முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய் நோக்கக் காரண விளக்கவுரையை, அதாவது மசோதா ஏன் கொண்டுவரப்படுகிறது என்று சொல்லும் பகுதியைப் படியுங்கள்.

3. இந்தப் படியில்தான் பலர் திணறுவார்கள். திருத்த மசோதாவைத் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 65-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. பார்த்தால் வெறும் எண்கள்தான். பக்கத்திலேயே அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திறந்து வையுங்கள். பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரம்; பிரிவு 52: வார விடுமுறை; பிரிவு 54: நாளுக்கு 9 மணி நேரம்; பிரிவு 55: இடைவேளை; பிரிவு 59: மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. ஒரு தொழிலாளியின் நாள் முழுவதும் அந்த எண்களுக்குள் இருந்தது! எதிர்ப்பு வலுத்து, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மத்தியச் சட்டங்களுக்கு நான் பரிந்துரைப்பது மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளம். தனியார் தளங்களில் பழைய வாசகம் அப்படியே கிடக்கலாம்.

4. தமிழ் பிடிஎஃப்பில் சொல் தேடினால் எதுவும் வரவில்லையா? யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத எழுத்துருவாக இருக்கலாம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள்; எழுத்துகளை அடையாளம் கண்டு தேடக்கூடிய உரையாக மாற்றித் தரும். காசு கொடுத்து வாங்கும் செயலி எதுவும் தேவையில்லை. ஆனால் பிரிவு எண்களை மட்டும் மூலப் படியோடு ஒத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: “இறக்கிய நகல்தான் சட்டமா?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அது அறிமுக வாசகம், பேரவையில் மாறியிருக்கலாம். நிறைவேறிய பின் அரசமைப்பின் 200-வது பிரிவுப்படி ஆளுநரிடம் போகும். ஒப்புதல் கிடைத்ததும் சட்டமாக அரசிதழில் வரும். மேற்கோள் காட்டுவதானால் அந்தப் படியையே காட்டுங்கள்.