ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு திரும்பாதீங்க: டெல்லியில பெண்கள் வரலாறு தேடி வர்றவங்களுக்கு

வருஷா வருஷம் ஊர்ல இருந்து யாராவது ஒரு ஸ்டூடன்ட் போன் பண்ணும், "அக்கா, அங்க பெண்கள் வரலாறுக்குன்னே லைப்ரரி இருக்காமே, கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு. கூட்டிட்டுப் போறதுல கஷ்டமே இல்ல, ஆனா போய் உக்காந்ததும் நாங்கல்லாம் அந்தக் காலத்துல அடிச்ச அதே கூத்தை அச்சு மாறாம அடிக்கிறாங்க பாருங்க, அதைப் பாத்துட்டு வாயை மூடிட்டு இருக்க முடியல. முன்கூட்டியே போன் பண்ணுங்க, ஐடி கார்டு எடுத்துக்கோங்க, லீவு நாள்ல போய் நிக்காதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

எல்லாம் ஒரே எடத்துல இருக்கும்னு நினைக்கிறது

இருக்காது. பகவான்தாஸ் ரோடு சரோஜினி ஹவுஸ்ல அகில இந்திய மாதர் மாநாடுங்கிற பெண்கள் அமைப்போட ஆபீஸ், அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தங்களான மார்கரெட் கசின்ஸ் பேர்ல உள்ள நூலகம் அங்கதான், மண்டி ஹவுஸ் மெட்ரோல இறங்கிப் போங்க. கோல் மார்க்கெட் பக்கம் பாய் வீர் சிங் மார்க்ல சிடபிள்யூடிஎஸ் (சென்டர் ஃபார் விமன்ஸ் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்), 1980ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையம், சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்தது, அதாவது வேலை, சட்டம், வரதட்சணைன்னு தேடுறவங்க முதல்ல அங்க போகணும். ஆனா ஒரு தனி ஆளோட கடிதம், கையெழுத்துப் பேப்பர்னு இறங்கிட்டா தீன்மூர்த்திதான். நேரு நூலகம்னு சொல்லிட்டு இருந்தோமே, 2023ல பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம்னு பேர் மாத்தினது, அதேதான். முத்துலட்சுமி ரெட்டியோட பேப்பர்ஸ் அங்க இருக்கு. 1927ல பூனாவுல ஆரம்பிச்ச மாதர் மாநாட்டோட பழைய பைல்களும் அங்க இருக்கு, அதனால பகவான்தாஸ் ரோடு மட்டும் போயிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க.

ஒரே பேர்ல தேடிட்டு எழுந்து வர்றது

எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வர்ற தப்பு இதான். போன குளிர்ல மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, பிஎச்டி, ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்து முனிர்கால சித்தி வீட்ல தங்கி, ஒரு லைப்ரரிக்குப் போச்சு. கேட்டலாக்ல முத்துலட்சுமி ரெட்டின்னு ஒரே ஒரு ஸ்பெல்லிங் அடிச்சுது, நாலஞ்சு புக் வந்துது, எல்லாம் ஊர்லயே படிச்சது. "இங்க ஒண்ணும் இல்லக்கா"ன்னு மத்தியானமே பையைத் தூக்கிட்டு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிடுச்சு. அதோட விட்டுச்சான்னா இல்ல, ஊருக்குப் போய் கைடுகிட்டயும் டெல்லில ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லி, அந்த சாப்டரையே தூக்கிட்டாங்க!

இங்கிலீஷ்ல ரெட்டிக்கு கடைசி எழுத்து ஒய்யும் வரும், ஐயும் வரும். முத்துவும் லட்சுமியும் சேர்ந்தும் இருக்கும், பிரிஞ்சும் இருக்கும், முன்னாடி எஸ் இனிஷியல் இருக்கும், டாக்டர் இருக்கும், மிசஸ் இருக்கும். இதுல இன்னொண்ணு, அவங்க மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் முடிச்சது 1912ல, சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணது 1914ல, அப்ப காலேஜ் கால ரெக்கார்டுல ரெட்டின்னு தேடினா எப்படி வரும்?

ஆம்பளைங்களைத் தேடுறப்ப இந்தத் தொல்லை பாதி கூட கிடையாது. சரோஜினி நாயுடுவோட பொறந்த வீட்டுப் பேர் சட்டோபாத்யாய். சுதந்திரப் போராட்டத்துல இருந்த கமலாதேவிக்கு அதே சட்டோபாத்யாய் புகுந்த வீட்டுப் பேர், சரோஜினியோட தம்பி ஹரீந்திரநாத்தைக் கட்டிக்கிட்டதால வந்தது, அவரை விட்டுப் பிரிஞ்ச பிறகும் அந்தப் பேர்தான் நின்னுது. மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துல பொறந்தப்ப கில்லெஸ்பி. 1917ல அடையாறுல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல டாரத்தி ஜினராஜதாசா ஒருத்தங்க, அவங்களை மிசஸ் ஜினராஜதாசான்னு தேடணும். வெறும் ஜினராஜதாசான்னு அடிச்சீங்கன்னா தியாசபிக்கல் சொசைட்டில (பிரம்மஞான சபை) பெரிய ஆளா இருந்த அவங்க வீட்டுக்காரர் எழுதின புக்கா வந்து கொட்டும், நீங்களும் தப்பான எடம்னு மூடிட்டு வந்துடுவீங்க.

அதனால ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதுங்க: பொறந்த வீட்டுப் பேர், கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பேர், புருஷன் பேருக்கு முன்னாடி மிசஸ் போட்டது, அம்மாள், அம்மையார், தேவின்னு சேர்த்தது, அத்தனைக்கும் என்னென்ன ஸ்பெல்லிங் வரலாமோ அதெல்லாம். அதுலயும் கிடைக்கலன்னா பேரை விட்டுட்டு சங்கத்தோட பேர், ஊர், வருஷம் வச்சு தேடி, ஆண்டறிக்கையை வாங்கி கடைசிப் பக்கத்துல இருக்குற மெம்பர் லிஸ்ட், சந்தா கட்டினவங்க லிஸ்ட்ல விரலை வச்சு வரி வரியா இறங்குங்க, கம்ப்யூட்டர் அந்த வேலையைப் பண்ணாது.

தமிழ் புக் எந்த ரேக்லன்னு கேக்குறது

1918ல மெட்ராஸ்ல இருந்து மாதர் சங்கம் கொண்டுவந்த ஸ்திரீ தர்மா இங்கிலீஷ் பத்திரிகைன்னு ஒதுக்கிட்டுப் போறாங்க, உள்ள தமிழ்ப் பக்கம் இருக்குங்க, புரட்டினாத்தானே தெரியும்! தமிழ் நாவல், கட்டுரைன்னு புக்கா வேணும்னா ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போங்க.

முன்னுரையை மட்டும் போட்டோ எடுக்குறது

மத்திய அரசு போட்ட கமிட்டி குடுத்த 1974 பெண்கள் நிலை அறிக்கையை மேற்கோள் காட்டாத தீசிஸ் இல்ல, ஆனா உள்ள இருக்குற புள்ளிவிவர டேபிள் வரைக்கும் போனவங்க கம்மி. 1901ல ஆயிரம் ஆம்பளைக்கு 972 பொம்பளை இருந்தது 1971ல 930 ஆச்சுங்கிற கணக்குதான் அன்னிக்கு எல்லாரையும் உலுக்குச்சு.

லைப்ரரியன்கிட்ட பேச கூச்சப்படுறது

கேட்டலாக்ல ஏறாத நோட்டீஸ், போஸ்டர், மீட்டிங் மினிட்ஸ் எங்க கிடக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஹிந்தி வரலையா, இங்கிலீஷ்ல கேளுங்க, கேக்காம இருக்காதீங்க.

மை பேனாவோட போறது

பென்சில் எடுத்துட்டுப் போங்க.

பைல் நம்பர் இல்லாம போட்டோ

முதல் போட்டோ பைல் நம்பர் தெரியுற அட்டை, ரெண்டாவதுதான் உள்ள இருக்குறது.

டெல்லியோட முடிச்சுக்குறது

எழுத்துல ஏறாத விஷயம் நெறைய இருக்கு. மும்பை தகிசர்ல ஸ்பாரோங்கிற பெண்கள் ஆவணக் காப்பகம், 1988ல ஆரம்பிச்சது, நம்ம எழுத்தாளர் அம்பை நடத்துறது, அங்க பேட்டி ஒலிப்பதிவும் போட்டோவும்தான் விசேஷம். போனா ஹெட்போன் எடுத்துட்டுப் போங்க, அங்கயும் பேர் லிஸ்ட் கையில இருக்கட்டும்.