நின்றுபோன பென்ஷன் தவணை: பாலக்காட்டுப் பக்கம் புதிதாகத் தொழில் செய்ய வந்தவர்களுக்கு

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தச் சோதனைச்சாவடி வழியாக இந்தப் பக்கம் வந்திருந்தாலும், ஆரம்ப காலத்துச் சம்பாத்தியம் கடை அட்வான்ஸ், வாடகை, கரண்ட் பில் என்றே கரைந்துவிடும். அப்போது சத்தமில்லாமல் நின்றுபோவது ஊரில் இருந்தபோது கட்டிவந்த பென்ஷன் தவணைதான். வாடகைக்காரர் மாதிரி அது வாசலில் வந்து நிற்காது அல்லவா? அப்புறம் தையல் கடைக்கோ தட்டுக்கடைக்கோ வாடிக்கை பிடித்து கையில் நாலு காசு மிஞ்சும்போது, "பழசு போகட்டும், புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம்" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். முதலில் பழையதை எழுப்பப் பாருங்கள்.

அடல் பென்ஷன் யோஜனாவையே எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த மத்திய அரசுத் திட்டம். நம் ஆட்களில் பலர் வங்கியில் யாரோ கையெழுத்து கேட்டார்கள் என்று போட்டு வைத்திருப்பார்கள். அறுபது வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்ந்தவருக்கு மாதத் தவணை 210 ரூபாய். 30 வயதில் சேர்ந்தால் 577, 40 வயதில் சேர்ந்தால் 1,454. பழைய கணக்கு உயிரோடு இருந்தால் சேர்ந்த வயதின் தவணையே தொடரும். மூடிவிட்டுப் புதிதாகச் சேர்ந்தால் இன்றைய வயதுக்கான தவணை. நாற்பதைத் தாண்டியவருக்குக் கதவே அடைப்பு.

வருமானம் ஏறியவர்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி செலுத்துபவர்கள் இதில் புதிதாகச் சேர முடியாது. அதற்கு முன்பே சேர்ந்தவர்கள், பிறகு வரி கட்டும் நிலைக்கு வந்திருந்தாலும் தொடரலாம். அதாவது தொழில் நன்றாகப் போகிற நேரத்தில்தான் பழைய கணக்குக்கு மதிப்பு கூடுகிறது. லோன் வாங்குவதற்காக ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வரி கட்டக் கடமைப்பட்டவரா என்பதுதான் கேள்வி. வெறும் ரிட்டர்ன் அதில் வராது.

சரி, எழுப்புவது எப்படி? தவணை நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ உள்ள கிளையில் சேமிப்புக் கணக்கு. இங்கே வந்ததும் வேறு கணக்கு திறந்து வரவு செலவெல்லாம் அதற்குப் போயிருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் பக்கமிருந்து எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். இதற்காக ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்துக் கணக்கை உயிர்ப்பிக்கலாம். கட்டணம் வாங்கக் கூடாது. சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ உள்ள கிளையில் "உங்க ஊர் பிராஞ்சுக்குப் போங்க" என்று கைகாட்டினால், இந்த விதியைச் சொல்லி மேனேஜரைக் கேளுங்கள். பென்ஷன் கணக்கின் பிரான் எண்ணையும் கையில் வைத்திருங்கள், பன்னிரண்டு இலக்கம்.

கணக்கு உயிர் பெற்றதும் அதில் விழுகிற பணத்தை நிலுவை இழுத்துக்கொள்ளும், அதுவும் பல மாதத் தவணையைச் சேர்த்து. தாமதத்துக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் கூடுதல்; அதுவும் உங்கள் பென்ஷன் தொகையிலேயே சேருகிறது என்பதால் முழு நஷ்டமில்லை. ஆனாலும் சரக்குக்கு வைத்த பணத்தை அந்தக் கணக்கில் போட்டுவிட்டு முழிக்காதீர்கள். மொத்த நிலுவை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தொகையைத் தனியாகச் சேர்த்துப் போடுவதுதான் நல்லது.

வருமானம் ஏறியது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எல்லைக் கடைக்காரருக்கு ஓணமும் உண்டு, தீபாவளியும் உண்டு. இரண்டு பண்டிகை ஆர்டரையும் பார்த்துவிட்டு 'தேறிவிட்டோம்' என்று தவணையை ஏற்றியவர்கள் ஆடி மாதத்தில் திணறுவார்கள். இங்கே அது கர்க்கடகம், இரண்டு பக்கமும் வியாபாரம் மந்தம். ஒரு கர்க்கடகத்தைத் தாண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடல் தவணையை மாதம்தோறும்தான் கட்ட வேண்டும் என்றில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றும் மாற்றிக்கொள்ளலாம். பண்டிகைப் பணத்தை நம்பியிருப்பவருக்கு ஆறு மாதத் தவணை ஒத்துவரும்.

5,000 போதாது என்று நினைப்பவர்கள் அடலை வைத்துக்கொண்டே என்பிஎஸ் என்ற தேசிய பென்ஷன் திட்டக் கணக்கும் தொடங்கலாம். அதில் வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் போட்டால் போதும். கையில் இருக்கும்போது கூடுதலாகப் போடலாம். நிலையில்லாத வருமானத்துக்கு அதுதான் தோது என்பது என் எண்ணம்.

திருப்பூரிலோ கோவையிலோ கம்பெனி வேலை பார்த்துவிட்டு வந்தவர்களின் பிஎஃப் விஷயம் வேறு. முதலாளி இல்லாமல் நீங்களாக அதில் கட்ட முடியாது. ஆனால் கிடக்கும் பணத்துக்கு 58 வயது வரை வட்டி உண்டு. பத்து வருட சேவை முடியாதவர்கள் பென்ஷன் பங்கை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், நாளைக்கு மறுபடி கம்பெனி வேலைக்குப் போனால் பழைய சேவையும் கணக்கில் சேரும். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, யாருக்குத் தெரியும்!

கடைசியாக, க்ஷேமநிதி, அதாவது கேரளத்துத் தொழிலாளர் நலநிதி. தமிழ்நாட்டில் நம் ஊர் நலவாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. அதே நினைப்பில் இங்கே இருந்துவிடாதீர்கள். தையல்காரர், ஆட்டோக்காரர், வியாபாரி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் கேரளத்தில் தனித்தனி க்ஷேமநிதி வாரியம் உண்டு. உறுப்பினர் அம்சதாயம், அதாவது சந்தா, கட்ட வேண்டும். விட்டுப்போன அம்சதாயத்தை எத்தனை மாதத்துக்குள் கட்டி உறுப்பினர் பதிவை மீட்கலாம் என்பது வாரியத்துக்கு வாரியம் மாறும். அதனால் பாஸ்புத்தகத்தோடு நேராக மாவட்ட அலுவலகத்துக்குப் போய், எவ்வளவு நிலுவை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். கட்டிய ரசீதை விடாதீர்கள்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் அக்ஷயா மையத்தில் (கேரளத்து இ-சேவை மையம்) மலையாளப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.