கண்மாய் மண்ணைச் சக்கரத்தில் வைக்கும் முன்

காரைக்குடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்து வனைகிறவர்களுக்கு உள்ளூர்க் கண்மாய் மண்ணில் ஒரு குவளையாவது செய்துபார்க்க ஆசை வரும். அனுமதி கேட்டு எடுத்துவந்த மண்ணை முதலில் சோதியுங்கள்.

காய்ந்த கட்டியின் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். நன்றாக இருந்த பாத்திரம் சில நாள் கழித்துச் செதில் செதிலாகப் பெயர்வது இதனால்தான். நுரைத்த மண்ணை விட்டுவிடுவதே நல்லது.

அப்புறம் சுருக்கம். கரைத்துச் சலித்துப் பிசைந்த மண்ணில் ஒரு பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு அளந்தால் 9.3 வருகிறதா? 7 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இதற்கு மேல் போனால் விரிசல் பயம் அதிகம். மெல்லிய மணல் சேர்த்து மறுபடி பாருங்கள். அய்யனார் குதிரை செய்யும் வேளார்கள் மணலும் உமியும் கலப்பது சும்மா இல்லை.

பட்டையைச் சூளையில் சுட்டபிறகும் ஒருமுறை அளந்து, மொத்தச் சுருக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்மாய் மண்ணுக்கு 1,000 டிகிரி செல்சியஸ் பக்கமே போதும். ஸ்டோன்வேர் என்கிற, கல்போல் கெட்டியாகச் சுடும் பாண்டங்களுக்கான சூட்டில், அதாவது 1,200க்கு மேல், உப்பி உருகி சூளைத்தட்டையும் கெடுத்துவிடும். சுடும்போது பட்டைக்கு அடியில் பழைய ஓட்டுத் துண்டு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.