குவாங்சௌவில் காசு கொடுப்பது எப்படி: ஒரு கிள்ளான் கடைக்காரியின் குறிப்புகள்

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே நான் சீனாவின் குவாங்சௌ நகரத்துக்கு விமானம் ஏறிவிடுவேன். மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலைப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. தோரணம், விளக்குச் சரம், ஒட்டுக் கோலம், வாடாத பிளாஸ்டிக் மாவிலை என்று நான் விற்பதில் முக்கால்வாசி அங்கேயுள்ள யீடெ சாலையிலிருந்து வருவதுதான். 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்கள் விசா இல்லாமல் சீனா போகலாம் என்று ஆன பிறகு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் கடைக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அங்க காசே வாங்க மாட்டானாமே அக்கா, எப்படிக் கொடுக்கிறது?"

வாங்குவான். பணத்தாளை மறுக்கக்கூடாது என்பது சீன மத்திய வங்கியின் விதி. ஆனால் காலையில் பாவ் (ஆவியில் வேகவைத்த பன்) விற்கும் அம்மாவிடம் நூறு யுவான் தாளை நீட்டினால், அவருடைய டப்பாவில் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது. வாங்குகிற எல்லாரும் கைப்பேசியில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், சில்லறைக்கு அவர் எங்கே போவார்? அதனால் கைப்பேசியைத் தயார் செய்துகொண்டு போங்கள். அந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள், விமான நிலையத்தில் அல்ல.

என் முதல் பயணத்தில் நடந்தது இது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் புதுக் கைப்பேசி வாங்கினேன். அங்கே போய் இறங்கி, விடுதியில் உட்கார்ந்து அலிபே என்ற சீனப் பணச் செயலியில் வங்கி அட்டையைச் சேர்த்தால், "உங்கள் வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுங்கள்" என்கிறது. வங்கிச் செயலியோ பழைய கைப்பேசியில். பழைய கைப்பேசியோ கிள்ளானில், சமையலறை இழுப்பறையில். மகளைக் கூப்பிட்டு, ரகசிய எண்ணைச் சொல்லி, அவளை அழுத்தச் சொன்னேன். செய்யவே கூடாத வேலை. நம் ஊர் வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணை விட்டுவிட்டுச் செயலி ஒப்புதலுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கைப்பேசியை மாற்றினால் புதியதில் செயலி முழுதாக வேலை செய்யச் சில மணி நேரம் காத்திருக்கவும் வைக்கிறார்கள். ஆகவே பயணத்துக்கு முந்திய வாரம் கைப்பேசியை மாற்றாதீர்கள். டெபிட் அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு அடைபட்டுத்தான் இருக்கும். செயலிக்குள் போய் அதையும் திறந்துவிடுங்கள்.

இனி எதை ஏற்றுவது? நான் மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது, நம் மலேசியாவின் கைப்பேசிப் பணப்பை, டச் அண்ட் கோ வாலெட். டோலுக்கும் பார்க்கிங்குக்கும் தட்டுகிறோமே, அதுவேதான். அலிபேயின் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும் கடைகளில் அதை வைத்தே ஸ்கேன் செய்யலாம். எத்தனை வெள்ளி (ரிங்கிட்) போகிறது என்று திரையிலேயே தெரிந்துவிடும், மனக்கணக்கு வேண்டாம். (அவசரத்துக்கு ஒரு யுவான் ஏறக்குறைய 60 சென் என்று வைத்துக்கொள்வேன்.) சாப்பாடு, தண்ணீர், பழம் எல்லாவற்றுக்கும் எனக்கு இது போதும்.

இரண்டாவது, அலிபே செயலி. இதில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளைச் சேர்க்கலாம். கடப்பிதழைப் படம் எடுத்து அடையாளத்தையும் உறுதி செய்துவிடுங்கள். டாக்சி கூப்பிடும் தீதி இதற்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவுக்கான குறியீடும் இருக்கிறது. ஒரு கணக்கு மட்டும் நினைவிருக்கட்டும். வெளிநாட்டு அட்டையில் ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 3 விழுக்காடு பிடிப்பார்கள். 380 யுவான் சாப்பாட்டுக்கு இரண்டு 190 ஆகப் பிரித்துக் கொடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கல்லாவில் கூட்டமாக இருந்தால் நான் கேட்பதில்லை. பதினொரு யுவானுக்காக எதற்குப் பின்னால் நிற்பவரின் வயிற்றெரிச்சல்?

மூன்றாவது, வீசாட், சீனர்களின் அரட்டைச் செயலி, பணமும் கொடுக்கலாம். அதன் பச்சைக் குறியீடு மட்டும் ஒட்டியிருக்கும் கடைகளுக்கு இது வேண்டும். மொத்த வியாபாரிகள் பேசுவதும் படம் அனுப்புவதும் இதில்தான், ஆகவே எனக்குத் தவிர்க்க முடியாதது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் இரண்டே போதும்.

கொடுப்பதில் இரண்டு வகை. சின்னக் கடைகளில் சுவரிலோ மேசையிலோ குறியீடு ஒட்டியிருக்கும். நீங்கள் ஸ்கேன் செய்து தொகையைத் தட்ட வேண்டும். பெரிய கடைகளில் உங்கள் குறியீட்டைக் காட்டினால் அவர்கள் கருவியால் ஸ்கேன் செய்துகொள்வார்கள். "வோ சாவ் நீ" என்றால் நான் உங்களை ஸ்கேன் செய்கிறேன், "நீ சாவ் வோ" என்றால் நீங்கள் என்னை. போன வருடம் கூட வந்த என் அத்தை, பசியாறப் போன முதல் கடையிலேயே முகம் சுளித்தார். "பொழுது விடிஞ்சும் விடியாம என்னடி இவன் சாவு சாவுங்கிறான்?"

அத்தையிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அவருக்காக நான் கண்டுகொண்டது, சின்னத் தாளாக இருந்தால் பணமும் நன்றாகவே ஓடும் என்பது. கோலாலம்பூரில் காசு மாற்றும்போதே பத்து, ஐந்து, இருபது யுவான் தாள்களாகக் கேளுங்கள். இல்லை என்றால், இறங்கியதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி முதல் நூறை உடையுங்கள். மெட்ரோ நிலைய இயந்திரத்தில் சின்னத் தாளைப் போட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் விழும். அதை உள்ளே போகும்போது தட்டி, வெளியேறும்போது போட வேண்டும். அத்தைக்கு அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை.

யீடெ சாலையில் இறங்கியதும் கருவாட்டு வாடை தூக்கும். பொம்மைக்கடைகளுக்கும் அலங்காரப் பொருள் கடைகளுக்கும் பக்கத்திலேயே காய்ந்த மீனும் இறாலும் மூட்டை மூட்டையாக இருக்கும். கருங்கல்லில் கட்டிய பழைய தேவாலயம் ஒன்றும் அங்கே நிற்கிறது, வழி தவறினால் அதன் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துத் திரும்புவேன். என் சிக்கல் நடந்தது இங்கேதான். ஆறு பெட்டி விளக்குச் சரத்துக்கு விலை பேசி முடித்தாயிற்று. கடைக்காரி தன் கைப்பேசியில் குறியீட்டைக் காட்டுகிறார். மூன்று முறை முயன்றும் போகவில்லை. அது அவருடைய சொந்தக் கணக்கின் குறியீடு. வெளிநாட்டு அட்டையிலிருந்து கடைக்குத்தான் கொடுக்கலாம், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. கடைக்கென்று வேறு குறியீடு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "ஷாங்ஜியா மா" என்றால் புரிந்துகொள்வார்கள். அவரிடம் அது இல்லை. கடைசியில் பெரிய வங்கி ஒன்றின் ஏடிஎம் தேடிப்போய் யுவான் எடுத்து வந்தேன். எண்ணும் இயந்திரத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத்தான் பெட்டியைக் கட்டச் சொன்னார். மொத்தக் கொள்முதலுக்குக் கையில் பணம் கொண்டுபோகிறவர்கள், 20,000 யுவானுக்கு மேல் சீன நாணயத்தை நாட்டுக்குள் எடுத்துச் செல்லக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணையத்துக்கு நம் ஊர் சிம்மின் ரோமிங்கையே எடுத்துக்கொள்வேன். வங்கியின் ஒப்புதலும் வரும், வாட்ஸ்அப்பும் வேலை செய்யும். விடுதி வைஃபையில் வாட்ஸ்அப்பும் திறக்காது, கூகுளும் திறக்காது.

கைப்பேசி அணைந்தால் பணப்பை தொலைந்த மாதிரிதான். சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் பவர் பேங்க் வாடகை நிலையங்கள் உண்டு. ஆனால் அதை எடுக்கவும் ஸ்கேன் செய்ய வேண்டும்! பத்து விழுக்காடு மின்சாரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சொந்த பவர் பேங்க் கொண்டு போகிறவர்கள் அதில் 3சி (சீனப் பாதுகாப்புச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் அந்த முத்திரை இல்லாதவற்றைச் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் விடுவதில்லை. குவாங்சௌவிலிருந்து வேறு ஊருக்குப் பறக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

ஊர் திரும்பியதும் அலிபேயை அழித்துவிடாதீர்கள். விடுதி முன்பணம் எனக்குச் சில நாள் கழித்துத்தான் அட்டைக்குத் திரும்பியது, நாணய மாற்றத்தில் சில வெள்ளி குறைந்து.