ஒரே ஒரு கார்ப் பந்தயக் கேமுக்காகக் கையடக்கக் கொன்சோல் வாங்கலாமா? படிப்படியாக முடிவெடுப்போம்

"எனக்கு மாரியோ கார்ட் மட்டும் போதும், வேற ஒண்டும் வேணாம்" என்று வீட்டில் பிள்ளை கேட்டிருக்கலாம். அல்லது உங்களுக்கே அந்த ஆசை இருக்கலாம். ஒரு கேமுக்கு இவ்வளவு காசா என்று தயங்குவது நியாயம்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சேர்ந்து ஓட்ட ஆட்கள் இருந்தால் அந்த ஒரு கேமுக்காகவே வாங்கலாம். தனியாளாக ஓட்டப்போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் வேண்டாம். கேம் விளையாடும் கருவியான கொன்சோலைக் கையிலெடுத்தே பார்க்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கேமின் பெயரை வடிவாகக் கேளுங்கள்

"கார் கேம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். எந்தக் கேம் என்பதை வைத்துத்தான் எந்தக் கருவி என்பது வரும். மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், மாரியோ கார்ட் வேர்ல்ட் இரண்டும் நின்டெண்டோ கொன்சோலில் மட்டுமே வரும். ஃபோர்சா ஹொரைசன் 5 தான் வேண்டும் என்றால் ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கணினியில் ஓடும். ஆனால் அது 100 ஜிபிக்கு மேல் டவுன்லோட் ஆகும். வீட்டில் சிம் ரவுட்டர் பாவிப்பவர்கள் அந்த டேட்டாச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கிரான் டூரிஸ்மோ 7 கேட்கும் பிள்ளைக்குப் பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்க நினைப்பவர்கள் கவனமாக இருங்கள். அது கையடக்கக் கொன்சோல் போலத் தெரிந்தாலும் கேமைத் தானாக ஓட்டாது. வீட்டில் ஓடும் பிளேஸ்டேஷன் 5 இன் படத்தை வைஃபை வழியாகக் காட்டத்தான் அது செய்யப்பட்டது. பெட்டியைப் பார்த்து ஆசைப்படும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி மாரியோ கார்ட்டை வைத்தே பேசுகிறேன். ஒரே கேமுக்காகக் கொன்சோல் கேட்பவர்களில் அதிகமானோர் அதைத்தான் கேட்கிறார்கள்.

படி 2: முதலில் போனில் ஓட்டிப் பாருங்கள்

2019 இல் வந்த மாரியோ கார்ட் டூர் போனுக்கு இலவசம். அஸ்பால்ட் கேமும் அப்படித்தான். சில வாரம் விளையாடிப் பாருங்கள். ஒரு விரலால் ஓட்டும் கேமுக்கும் பட்டன் பிடித்து ஓட்டும் கேமுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு, அதனால் கேமின் தரத்தை இதைவைத்து எடைபோட வேண்டாம். ஆசை நிலைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் வாரமே போனில் அந்தக் கேம் திறபடாமல் கிடந்தால் உங்கள் காசு மிச்சம்.

படி 3: வீட்டில் எத்தனை பேர் ஓட்டுவார்கள்?

எனக்கு முக்கியமான படி இதுதான். மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஒரு ஓட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தனியாக ஓட்டினால் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வென்று, 150 சிசி, 200 சிசி என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனால் ஒரு கட்டத்தில் அலுக்கும். பக்கத்தில் இருக்கும் தங்கச்சி கடைசி வளைவில் சிவப்பு ஆமையோட்டை எறிந்து உங்களைக் கவிழ்த்துவிட்டு முன்னால் போகும்போது கேமே வேறாகிவிடும். உடனே "இன்னொருக்கா" என்று கேட்பீர்கள். வருடக்கணக்காக இந்தக் கேம் விற்பதற்கு அந்தச் சொல்தான் காரணம் என்பது என் கணிப்பு.

ஒரே திரையைப் பிரித்து நான்கு பேர் வரை ஓட்டலாம். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை, மாதச் சந்தாவும் இல்லை. சந்தா கட்ட வேண்டியது தூரத்தில் இருப்பவர்களோடு ஒன்லைனில் ஓட்டத்தான். லண்டனிலோ கட்டாரிலோ இருக்கும் மச்சானோடு ஓட்ட ஆசை என்றால் அப்போது பார்க்கலாம், தொடக்கத்திலேயே கட்ட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இதில் சேரலாம். வண்டியைத் தெரிவு செய்யும் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தினால் ஸ்மார்ட் ஸ்டியரிங் என்று ஒன்று வரும். அதைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாது. பக்கத்திலேயே தானாக வேகமெடுக்கும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் ஒரே ஓட்டத்தில் இருக்கலாம்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: வாரத்தில் ஒருநாளாவது உண்மையாகவே சேர்ந்து ஓட்டக்கூடியவர்கள் யார் யார்? பள்ளிக்கூட லீவில் மட்டும் வரும் மச்சான்மாரையும் மச்சாள்மாரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களைத் தவிர ஒரு பெயராவது வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: மொடலைத் தெரிவு செய்யுங்கள்

மாரியோ கார்ட் ஓடும் நின்டெண்டோ கொன்சோலின் பெயர் ஸ்விட்ச். அதில் விலை குறைவென்று முதலில் கண்ணில் படுவது ஸ்விட்ச் லைட். 2019 இல் வந்தது, திரை 5.5 அங்குலம். டிவியில் இணைக்க முடியாது, கொன்ட்ரோலர் கழராது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவருக்கு அது பொருந்தும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை வாங்கினால், ஒருவர் ஓட்ட இருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளுக்கு நாள் சண்டை வரும்.

குடும்பத்துக்கு என்றால் சாதாரண ஸ்விட்ச், அல்லது 2021 இல் வந்த 7 அங்குல ஓலெட் திரை மொடல். இவற்றின் இரு பக்கமும் கழரும் சின்னக் கொன்ட்ரோலர்களான ஜோய்கொன்னைத் தனித்தனியாகப் பக்கவாட்டில் பிடித்தால் இரண்டு கொன்ட்ரோலர். அதாவது இருவர் ஓட்ட வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை. டிவியோடு இணைக்கும் தாங்கியான டொக்கில் வைத்தால் படம் டிவிக்குப் போய்விடும்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இல் பழைய மாரியோ கார்ட்டும் ஓடும், புதிய மாரியோ கார்ட் வேர்ல்டும் ஓடும். புதியதுதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் வேறு வழியில்லை. இல்லாவிட்டால் பழைய ஸ்விட்ச்சும் 8 டீலக்ஸுமே தொடக்கக்காரருக்குத் தாராளம். அதில் 48 பாதைகள் இருக்கின்றன, காசு கட்டினால் இன்னொரு 48 கிடைக்கும்.

ஜப்பானில் இருக்கும் உறவினரிடம் ஸ்விட்ச் 2 சொல்லி எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அங்கே இரண்டு வகை விற்கிறார்கள். மலிவானதில் ஜப்பான் மொழி மட்டுமே இருக்கும், ஜப்பான் கணக்கோடு மட்டுமே இணையும். பல மொழி வகைதான் நமக்கு உதவும்.

படி 5: காசுக் கணக்கு

ஓலெட் மொடலின் அமெரிக்க அறிமுக விலை 350 டொலர், கேம் 60 டொலர். டொலரை 300 இலங்கை ரூபா என்று வைத்தால் 123,000 ரூபா வருகிறது. இங்கே கடையில் இறக்குமதிச் செலவும் லாபமும் சேர்ந்து வேறு தொகை சொல்வார்கள், அதை வைத்து நீங்களே மறுபடி போடுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பாதி விலைக்கு விற்பதாக வைத்தால் உண்மைச் செலவு 61,500 ரூபா.

வாரம் ஒரு மணித்தியாலம் தனியாக ஓட்டினால், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 590 ரூபா. வாரம் மூன்று மணித்தியாலம் மூன்று பேர் ஓட்டினால், ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் 66 ரூபா. அதே கருவி, அதே கேம்தான். நான் மூன்றாம் படியில் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்பது இப்போது விளங்கும்.

கேமை டவுன்லோடாக வாங்காமல் கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, துபாயில் வாங்கியதும் இங்கே ஓடும். அலுத்தால் விற்கலாம், சிநேகிதருக்கு இரவல் கொடுக்கலாம். டவுன்லோடாக வாங்கியதை விற்க முடியாது.

படி 6: பாவித்ததை வாங்கினால்

கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு டவுன் எங்கே எடுத்தாலும், விற்பவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சிஸ்டம் செட்டிங்ஸில் கொன்ட்ரோலர் பகுதிக்குள் கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கைச் சரிசெய்யும் திரை இருக்கும். ஸ்டிக்கைத் தொடாமலே புள்ளி நகர்ந்தால் அது ட்ரிஃப்ட், ஜோய்கொன்னில் அடிக்கடி வரும் கோளாறு. பந்தயக் கேமில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அடுத்து உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து நின்டெண்டோவின் ஒன்லைன் கடையான ஈஷொப் திறக்கிறதா என்று பாருங்கள். மாற்றியமைத்த கொன்சோல்களை நின்டெண்டோ தடைசெய்வதுண்டு. தடைசெய்த கருவியில் ஒன்லைன் எதுவும் நடக்காது. டொக்கோடு டிவியில் ஒரு தடவை படம் வரவேண்டும். பழைய ஆளின் கணக்கை அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் வாசியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். எழுதியிருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

பிள்ளைக்கு வாங்கியிருந்தால் முதல்நாளே உங்கள் போனில் நின்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டு அப்பைப் போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று குறித்துவிடுங்கள். இலவசம்தான். பழகிய பிறகு குறைப்பது கஷ்டம்.

5 முதல் 35 பாகை வெப்பத்துக்குள் பாவிக்கச் சொல்கிறது நின்டெண்டோ. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்தில் நம் பக்கம் அதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் மின்விசிறியின் கீழ் வைத்து ஓட்டுங்கள், டொக்கின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள். கல்லடி, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று என்று கரையோரம் இருப்பவர்கள் பாவிக்காத நேரத்தில் மூடிய உறைக்குள் வையுங்கள். உப்புக் காற்று பட்டால் சார்ஜ் துளையில் துரு பிடிக்கும்.

கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் முழுக்க விளையாடலாம் என்று எண்ண வேண்டாம். ஓலெட் மொடலின் பற்றரிக்கு நின்டெண்டோ சொல்வது 4.5 முதல் 9 மணித்தியாலம், முதல் ஸ்விட்ச்சுக்கு 2.5 முதல் 6.5. பந்தயக் கேமுக்குக் கீழ்க்கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு பவர் பேங்க் கொண்டுபோங்கள். வாங்கிய பெட்டியையும் பில்லையும் அலுமாரியில் பத்திரமாக வையுங்கள், விற்கும் நாளில் விலை பேச உதவும்.